பன்னிரண்டு பக்க வாக்குமூலம்

தம்பி, மணி என்ன ஆகிறது? ஒன்று நாற்பதா? கடிகாரம் சரியாக ஓடுகிறதுதானே? ஓடும், ஓடும், பார்த்தாலே தெரிகிறது. அப்படியானால் இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது. இரண்டரைக்கு அந்த இரண்டு நீதிபதிகளும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் எங்கள் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லப் பழக வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. எழுபத்தொரு வயதில் பேச்சுப் பழகுகிறேன், பாருங்கள்.

உட்காருங்கள். இடம் இருக்கிறது. காலையெல்லாம் என் மகள் உட்கார்ந்திருந்த இடம்தான். அவள் கீழே போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. எங்கள் வக்கீலும் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். மரியாதைக்குப் போட்ட கும்பிடு இல்லை அது.

என் பேர் கஸ்பார் மச்சாது. தூத்துக்குடி. கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் கணக்குக் காட்டி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் வேலை. நாற்பத்துமூன்று வருஷம். துறைமுகத்தில் போய் மச்சாது என்று சொல்லுங்கள், கிரேன் திரும்பிப் பார்க்கும். சரி, கிரேன் பார்க்காது. கிரேன் ஓட்டுகிறவன் பார்ப்பான்.

நீங்கள் திருப்பூர்தானே? காலையில் உங்கள் கையில் ஸிப் சுருளைப் பார்த்தேன். சுருளாக வந்தால் அது ஸிப்பா, ஸிப்பின் பாகமா? அதுதானே சண்டை? பயப்படாதீர்கள். அந்தச் சண்டைக்காகவே வைத்திருக்கிற கோர்ட்டு இது. இங்கே கொலை கிடையாது. வரப்புத் தகராறு கிடையாது. புருஷன் பெண்டாட்டி கிடையாது. கடல் தாண்டி வந்த பொருள் இன்னதா, அன்னதா, அதற்கு வரி இவ்வளவா, அவ்வளவா, அவ்வளவுதான். காலையில் எங்களுக்கு முன்னால் என்ன ஓடியது, கேட்டீர்களா? மீன் எண்ணெய் மாத்திரை மருந்தா, சாப்பாடா? ஒரு மணி நேரம்! இரண்டு வக்கீல்களும் ஆளுக்கொரு மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கல்யாண மோதிரம் பார்க்கிற மாதிரி.

எங்கள் வழக்கில் பொருளைப் பற்றிச் சண்டையே இல்லை. பொருள் கொட்டைப்பாக்கு. அரசாங்கமும் பாக்கு என்கிறது, நாங்களும் பாக்கு என்கிறோம். அந்தப் பாக்கு கண்டெய்னர் பெட்டிக்குள் இருந்தது எனக்குத் தெரியுமா, தெரியாதா? வழக்கு அதுதான். என்னைத்தான் தம்பி உள்ளே எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

லைசென்ஸ் என் மகள் செலின் பேரில் இருக்கிறது. இருந்தது. ஏழு மாதமாக இல்லை. கமிஷனர் ரத்து செய்துவிட்டார். இந்தப் பெஞ்சு திருப்பிக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் அவள் இனி ஒரு பெட்டியைக் கூடத் தொட முடியாது. அந்த லைசென்ஸ் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. எழுத்துப் பரீட்சை, அதில் தேறினால் வாய்மொழிப் பரீட்சை. வரிப் புத்தகம் தொண்ணூற்றெட்டு அத்தியாயம். குதிரையில் ஆரம்பித்துப் பழைய ஓவியம் வரைக்கும் உலகத்தில் உள்ள அத்தனை பொருளும் அதில் இருக்கிறது. செலின் கைப்பிள்ளையை ஒரு தொடையிலும் அந்தப் புத்தகத்தை இன்னொரு தொடையிலும் வைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாவது தடவை தேறினாள். தூத்துக்குடியில் அந்த லைசென்ஸ் வைத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கை விரல் போதும். அதிலும் மிச்சம் விழும்.

நானும் எழுதினேன். ஏன் எழுதாமல்? என் காலத்தில், முப்பத்திரண்டு வயதில். எழுத்தில் தேறிவிட்டேன். வாய்மொழியில் ஒரு பெரிய அதிகாரி கேட்டார்: "திமிங்கில அம்பர் எந்த அத்தியாயத்துல வருது?" அம்பர் என்றால் திமிங்கிலம் கக்கி, கரையில் ஒதுங்குகிற மெழுகு மாதிரிக் கட்டி. அந்த நேரம் பார்த்து அத்தியாயம் எனக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்லலாமா? கடல்புரத்தில் பிறந்தவன், அம்பர் தெரியாது என்று சொன்னால் பிறந்த ஊருக்கே கேவலம் இல்லையா? எங்கள் தாத்தா ஒரு கட்டி அம்பரைச் சோப்பு என்று நினைத்துத் தேய்த்துக் குளித்ததையும், ஊரில் உள்ள அத்தனை நாயும் அவர் பின்னால் மாதா கோயில் வரைக்கும் வரிசையாக வந்ததையும் சொன்னேன். அந்த அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெயில் போட்டார். பொறாமைதான், வேறென்ன? அவருக்கு அப்படி ஒரு தாத்தா இல்லை.

சரி, அதை விடுங்கள். மணி என்ன? ஐம்பதா?

போன வருஷம் ஆடி மாதம். சொர்ணப்பன் என்று ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. "வெளிநாட்டுல இருந்து பழைய பேப்பர் கட்டு வருது, மில்லுக்குக் குடுக்கணும், எடுத்துக் குடுங்க" என்றான். பழைய பேப்பருக்கு வரி பேருக்குத்தான். பாக்குக்கு வரி பாக்கின் விலையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். இது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். அதனால் செலினுக்கு ஒரு பழக்கம். புது ஆள் சரக்கு என்றால், கணக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவாள். அன்றைக்கும் அனுமதி வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"அப்பா, யார்டுக்குப் போயி முன்வரிசையை மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க. பின்வரிசை வரைக்கும் பேப்பர் கட்டுகளை இறக்கச் சொல்லிப் பாருங்க. பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. நீங்க பண்ணுன பெறவுதான் நான் தாக்கல் பண்ணுவேன்."

நான் போன் பண்ணினேன். "பாத்தாச்சும்மா. பேப்பர்தான்" என்றேன். அவள் தாக்கல் செய்தாள்.

பதினெட்டு நாள் கழித்து அதிகாரிகள் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். முன்னால் இரண்டு வரிசை பழைய செய்தித்தாள் கட்டு. பின்னால் முழுக்கப் பாக்கு மூட்டை. சொர்ணப்பனுக்கு போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறான். அவன் கொடுத்த விலாசத்துக்குப் போனால் அங்கே ஒரு சலூன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பாதி மீசையோடு எழுந்து நின்று, "சொர்ணப்பனா? அப்படி ஒரு ஆளே இங்க கெடையாது" என்றாராம். பாதி மீசை என்பது நான் சேர்த்தது. விலாசம் பொய் என்பது நிஜம்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தம்பி, எனக்கு நேர்ந்த கெடுதல் அங்கேதான். அடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அடித்திருந்தால் பிழைத்திருப்பேன். யாழினி என்று ஒரு பெண் அதிகாரி. இருபத்தெட்டு வயதிருக்கும். "உக்காருங்கய்யா, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டது. டீ வந்தது. இஞ்சி போட்ட டீ. அப்புறம் கேட்டது: "இந்தத் துறைமுகத்துல உங்களுக்கு எவ்வளவு அனுபவம் இருக்குங்கய்யா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

நாற்பத்துமூன்று வருஷத்தில் ஒருத்தர் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மருமகன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். பேரன் காதில் எதையோ செருகிக்கொள்வான். ஆபீசில் பெண்பிள்ளைகள், "அண்ணாச்சி, இதை அப்பமே சொல்லிட்டீங்க" என்று போய்விடுவார்கள். இந்தப் பெண் ஒரு வார்த்தை விடவில்லை. நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் மூச்சுவிட நிறுத்தினால், "அப்புறங்கய்யா?" என்றது. அந்த "அப்புறங்கய்யா"வுக்கு எத்தனை ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? கப்பல் இருமுகிற சத்தத்தை வைத்தே அது எந்த ஊரில் எண்ணெய் போட்டது என்று நான் சொன்ன கதை. புயல் அன்றைக்கு ஒரு தோணி சுவர் ஏறிக் குதித்து வந்து, எடைமேடையில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கதை. எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.

அப்புறம் மெதுவாகக் கேட்டது. "பெட்டியைத் திறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்கய்யா?"

"தட்டுனாப் போதும்மா."

"எப்படிங்கய்யா?"

"அரிசின்னா 'தொம்'முனு சத்தம் வரும். மரம்னா 'டக்'குனு வரும். கிராம்புன்னா தட்டுன உடனே பெட்டி தும்மும்."

அந்தப் பெண் சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு மரியாதை. "அப்ப சொர்ணப்பன் பெட்டியைத் தட்டுனீங்களா?"

"மூணு தட்டு. மொதத் தட்டு பேப்பர். ரெண்டாந்தட்டு பேப்பர். மூணாந்தட்டு பாக்கு."

"அப்ப உள்ள பாக்கு இருந்தது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? எனக்குத் தெரியாம இந்தத் துறைமுகத்துல ஒரு எலி எறங்க முடியுமா?"

எலியையும் எழுதிக்கொண்டது.

பன்னிரண்டு பக்கம். அச்சடித்துக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துட்டு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்கய்யா" என்றது. படித்தேன். என் பேச்சு ஒன்றுகூடச் சிந்தாமல் தாளில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாக. ஒவ்வொரு பக்கத்திலும் முழுக் கையெழுத்துப் போட்டேன், சுழியெல்லாம் வைத்து. எனக்கும் ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து செலினிடம், "தங்கமான பிள்ளை. நம்மளை ரொம்ப மதிக்குது" என்றேன். செலின், "என்னப்பா சொன்னீங்க?" என்றாள். "அனுபவத்தைச் சொன்னேன்" என்றேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் என்ன? நோட்டீஸ் வந்தது. விசாரணை வைத்தார்கள். ஏஜென்சியின் அடையாள அட்டை போட்ட ஆளுக்கே பாக்கு என்று தெரிந்திருக்கிறது, தெரிந்தே பேப்பர் என்று தாக்கல் செய்திருக்கிறார்கள், வேறு சாட்சியே வேண்டாம், அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். செலினுக்குக் கீழே ஏழு பேர் வேலை பார்த்தார்கள். ஐந்து பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இரண்டு பேர் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தினமும் ஒன்பது மணிக்கு ஆபீசைத் திறக்கிறாள். போன் அடித்தால், "இப்ப எடுக்கிறதில்லங்க" என்று சொல்கிறாள். சாயங்காலம் பூட்டுகிறாள். என்னை அவள் ஒரு சொல் சொல்லவில்லை தம்பி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல நாளிலேயே திட்டுகிறவள்.

வக்கீல் வைத்தீஸ்வரன் இந்த ஊர்க்காரர். இந்தக் கோர்ட்டிலேயே இருபது வருஷமாக நிற்கிறவர். பன்னிரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பெரியவரே, கவனக்குறைவுன்னா அபராதத்தோட போயிடும். தெரிஞ்சு செஞ்சதுன்னா லைசென்ஸ் போயிடும். நடுவுல இருக்கறது உங்க வாய். நீங்க அளந்து விடற ஆளுன்னு நான் காட்டப் போறேன். நீங்க பேசவே வேண்டாம். இங்க சாட்சியைக் கூண்டுல ஏத்தற வழக்கமும் கிடையாது. தப்பித் தவறி ஏதாவது கேட்டா ஒரே வார்த்தை. தெரியாது."

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றது சார்? அதுக்கு ஒரு பின்னணி..."

"பின்னணி வேண்டாம். தெரியாது."

நேற்று ரயிலில் வரும்போது செலின் எதிர் சீட்டில் உட்கார்ந்து பழக்கினாள். "சொல்லுங்கப்பா. உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?" நான், "தெரியாதும்மா, ஏன்னா அன்னைக்கு..." என்பேன். "ஏன்னா வேண்டாம்பா. திரும்பச் சொல்லுங்க." கோவில்பட்டியில் ஆரம்பித்து மதுரை வரைக்கும். பக்கத்தில் இருந்த அம்மாள், "பாவம், ஐயாவுக்கு ஞாபக மறதியா?" என்று கேட்டார்கள்.

காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் உள்ளேதானே இருந்தீர்கள்? இல்லையா? வெளியே போய்விட்டீர்களா? நல்ல வேளை.

பெஞ்சில் இரண்டு பேர், இங்கே உறுப்பினர்கள் என்பார்கள். ஒருவர் சட்டம் தெரிந்தவர், அந்த அம்மாள். இன்னொருவர் கஸ்டம்ஸிலேயே வேலை பார்த்து மேலே வந்தவர், சரக்கு தெரிந்தவர். அப்படி ஜோடி சேர்த்துத்தான் வைப்பார்கள். எங்கள் வக்கீல் என் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். தோணி வரிசையில் நின்றது, கப்பல் இருமியது, பெட்டி தும்மியது. கோர்ட்டே சிரித்தது தம்பி. அந்த அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள். வழக்கு நம் பக்கம் சாய்கிறது என்று வக்கீலுக்குத் தெம்பு. எனக்கோ வயிறு எரிந்தது. மனிதர் படிக்கிற லட்சணமா அது? மளிகைச் சீட்டுப் படிக்கிற மாதிரி படிக்கிறார். தோணிக் கதையில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. கதைக்குச் சிரித்தால் பரவாயில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது அந்தச் சரக்கு தெரிந்த நீதிபதி சொன்னார்: "நானும் தூத்துக்குடியில மூணு வருஷம் இருந்திருக்கேன். தட்டிப் பாத்துச் சொல்ற ஆள் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை."

நல்ல வார்த்தை தம்பி! நமக்குச் சாதகமான வார்த்தை. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார். அந்த அம்மாள் என்னைத் தேடிப் பார்த்து, "பொதுவா நாங்க கேக்கறதில்லை. ஆனா அவரே வந்திருக்காரே. பெரியவரே, தட்டினா உள்ள இருக்கறது தெரியும்னு சொன்னீங்களே, அது நிஜமா?" என்றார்கள்.

செலின் என் முழங்கையைத் தொட்டாள். நான் எழுந்தேன். 'தெரியாது' என்று நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அவர் மூன்று வருஷம் இருந்தாராம், மச்சாதுவைக் கேள்விப்படவில்லையாம். மூன்று வருஷம்!

நாலு எட்டு எடுத்துவைத்துப் போனேன். வக்கீல்கள் நிற்கிற இடத்தில் நீளமாக ஒரு மேசை இருக்கிறதே, பளபளவென்று, தேக்கு மாதிரி? அதில் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினேன். தட்டிவிட்டு, "அம்மா, இது தேக்கு இல்ல. மேல மட்டும் தேக்கு. உள்ள பூராவும் மரத்தூள் அட்டை" என்றேன்.

அந்த நீதிபதி டவாலியைப் பார்த்தார். டவாலி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துவிட்டு, "ஆமாங்கய்யா, அட்டைதான்" என்றான்.

என் மனசு எப்படிப் பூரித்தது தெரியுமா? ஒரு கண நேரம். ஒரே கணம். திரும்பிப் பார்த்தால் இலாகா தரப்பில் வாதாடுகிற அதிகாரி எழுந்து நிற்கிறார். முகத்தில் தீபாவளி. "கனம் உறுப்பினர்களே, வாக்குமூலம் கட்டுக்கதைன்னு சொன்னாங்க. இப்ப உங்க கண் முன்னாலயே நிரூபணம் ஆயிடுச்சு. தட்டினா இவருக்குத் தெரியுது. பாக்கும் தெரிஞ்சிருக்கு."

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். அவர் இருபது வருஷத்தில் அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார். அந்த அம்மாள், "ரெண்டரைக்குப் பாக்கலாம். அப்ப பெரியவர் நேரா ஒரு பதில் சொல்லணும். அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது தெரியுமா, தெரியாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

செலின் பேனாவை மூடினாள். ஃபைலைக் கட்டினாள். நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டாள். என்னைப் பார்க்காமல் லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

மேசை எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். காலையில் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தேன். அந்த மூலையில் ஒட்டுப் பெயர்ந்து, உள்ளே தூள் தெரிந்தது. கண்ணால் பார்த்தேன் தம்பி. தட்டியதில் ஒன்றும் தெரியவில்லை. தட்டினால் ஒரு மண்ணும் தெரியாது. நாற்பத்துமூன்று வருஷத்தில் எனக்கு ஒரு தடவை கூடத் தெரிந்ததில்லை. முன்னாலேயே சரக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் போய்த் தட்டுவேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மணி என்ன? இரண்டு பத்தா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியூர், நாளைக்கு உங்கள் ஸிப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவீர்கள். அன்றைக்கு நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போகவே இல்லை. யார்டு வாசலில் எடைமேடை இருக்கிறது. அங்கே நாலு பயல்கள். "வாங்கண்ணாச்சி, அந்தத் தோணிக் கதையைச் சொல்லுங்க, இவன் புதுசு, கேட்டதில்லை" என்றார்கள். உட்கார்ந்தேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவன். தோணி முடிந்தது, கப்பல் ஆரம்பித்தது, கப்பல் முடிந்து தாத்தா வந்தார். மணியைப் பார்த்தால் ஒன்று. யார்டில் கட்டு இறக்குகிற ஆட்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில். பேப்பர்தானே என்று நினைத்தேன். பேப்பர்தானே. அங்கிருந்தபடியே மகளுக்கு போன் போட்டேன். "பாத்தாச்சும்மா."

அவ்வளவுதான் தம்பி. தெரியாது. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாக்கு இருந்திருக்கலாம், யானை இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. பெட்டியின் நிறம்கூட எனக்குத் தெரியாது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? சிரிக்கிறீர்களே? நம்பவில்லையா? இல்லை தம்பி, இது கதை இல்லை. இது நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். மாதா மேல் ஆணையாக. தோணியை நம்பினீர்களே, தும்மலுக்குக்கூட மரியாதையாகத் தலையை ஆட்டினீர்களே! இதை மட்டும் ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்? எடைமேடைப் பயல்களைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அங்கே ஒரு வெள்ளை நாய்கூட, கழுத்தில் மணியோடு... இல்லை. நாய் இல்லை. நாயை விடுங்கள். நம்பவைக்கலாம் என்று தானாக வந்துவிடுகிறது. வெறும் உண்மை நிற்கமாட்டேன் என்கிறது தம்பி, நான் என்ன செய்வேன்? அந்த அம்மாளும் உங்களை மாதிரியே பார்த்தால்? இப்படியே சிரித்தால்? என் மகள் ஆயுசுக்கும் அந்த ஆபீசைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளே!

யாரைப் பார்க்கிறீர்கள், எனக்குப் பின்னால்?

செலின். நீ எப்பம்மா வந்த?

எல்லாம் கேட்டுட்டியா? எடைமேடையும் கேட்டுட்டியா?

எது, மேசை மட்டுந்தான் உனக்குப் புதுசா? மத்தது தெரியுமா? எப்படித் தெரியும்? அந்தப் பயலுவ சொல்லிட்டானுவளா? எப்ப? ஏழு மாசத்துக்கு முன்னாலயா? தெரிஞ்சுமா நீ ஒண்ணுமே கேக்கல? வக்கீல்ட்ட சொல்லியிருக்கலாமே, தாயீ! அந்த நாலு பேரையும் கூட்டியாந்து எழுதிக் குடுக்க வச்சிருக்கலாமே!

என்ன? நீ சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு, "இல்ல, நான் போனேன், நான் தட்டுனேன்"னு சொல்லியிருப்பேனா?

சொல்லியிருப்பேன்.

கேட்டீர்களா தம்பி? பெற்ற அப்பனை எப்படி எடை போட்டு வைத்திருக்கிறாள், பாருங்கள். கிராம் பிசகவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று ஏழு மாதம் காத்திருந்திருக்கிறாள். கஸ்டம்ஸில் எவனுக்கு இந்தப் பொறுமை இருக்கிறது?

யாரோ கூப்பிடுகிறார்களே. எங்கள் நம்பரா? இரண்டரை ஆகிவிட்டதா? வக்கீலும் வந்துவிட்டார். இந்தத் தடவை கும்பிடுகூடப் போடவில்லை.

வாரேம்மா, வாரேன். தெரியும், தெரியும், ஒரு வார்த்தை. போகல, பாக்கல, தெரியாது. சரி, மூணு வார்த்தை. ஆனா செலின், மொட்டையா அப்படிச் சொன்னா அந்தம்மா என்ன நெனைப்பாவ? முன்னால ஒரே ஒரு வரி மட்டும்... இல்ல. இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. கையை விடு, வலிக்குது.

இல்ல, விடாத. அப்படியே பிடிச்சுக்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் விட்டுறாத.